வாங்கில் இருந்து பை காத்தது போதும்: எங்கள் சங்கத்தின் சுற்றுலாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அண்ணை, செயலாளர் அக்கா, கோடைச் சுற்றுலாக் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

இதைப் பொதுக்கூட்டத்திலேயே எழும்பிச் சொல்லியிருக்கலாம். ஆனால் சுற்றுலா விஷயம் எப்போதும் நிகழ்ச்சி நிரலில் கடைசியில்தான் வருகிறது. அதற்குள் ரோல்ஸ் தட்டு வந்துவிடும். ரோல்ஸ் வந்த பிறகு எங்கள் ஆட்களிடம் யார் என்ன கதைத்தாலும் காதில் ஏறாது. அதனால் எழுதுகிறேன். தலைவர் அண்ணை கோபிக்காமல் கடைசி வரை வாசிக்க வேண்டும்.

போன கோடையில் இரண்டு கோச் பிடித்து ஒரு பெரிய விளையாட்டுப் பூங்காவுக்குப் போனோமே, அந்த நாளைப் பற்றித்தான். வழியில் நெடுஞ்சாலையில் நின்ற நேரத்தையும், கோச்சில் மைக்கைப் பிடித்தவர் விடாமல் பாடியதையும் நான் பேசப் போவதில்லை. பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது, அதுவும் சரி. நான் சொல்ல வந்தது அம்மாவைப் பற்றி. எழுபத்தெட்டு வயது. ராட்டினத்தில் ஏற மாட்டா. வரிசையில் முக்கால் மணி நேரம் நிற்கவும் ஏலாது. ஆகவே காலையில் உள்ளே போனதும் ஒரு வாங்கைக் காட்டி, "அம்மா, இதில இருங்கோ, பைகளை ஒருக்கால் பாத்துக்கொள்ளுங்கோ" என்று நானே சொல்லிவிட்டுப் போனேன். நான் வைத்தது ஒரு பை. பின்னேரம் திரும்பி வந்து எண்ணிப் பார்த்தேன், பதினொரு பை. பக்கத்து வாங்கில் இன்னும் மூன்று அம்மாமார், அவரவர் முன்னால் அவரவர் மலை. வீட்டுக்கு வந்து, "எப்படி அம்மா இருந்தது?" என்று கேட்டேன். "நல்ல வாங்கு பிள்ளை. நிழலும் இருந்தது" என்றா.

அந்தப் பதில் எனக்கு ஒரு வருடமாக வயிற்றுக்குள் கிடக்கிறது. எங்கள் சுற்றுலாக்களில் முதியவர்கள் பயணிகளே இல்லை, பைக் காவலர்கள். இந்த வருடம் அதை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். கோச் வேண்டாம். லண்டனுக்கு வடமேற்கே, கிராண்ட் யூனியன் கால்வாயின் கரையில், பெர்க்கம்ஸ்டெட்டில் இருந்து ட்ரிங் ஸ்ரேசன் வரை, ஒரு நாள் ஆறுதலாக நடப்போம். நான்கு, ஐந்து மைல். ஏற்றம் இருப்பதே தெரியாது. போன யூன் மாதம் அம்மாவோடு நடந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

"வாய்க்காலைப் பாக்கவோ ரிக்கற் எடுத்துப் போறது?" என்று எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் இப்போதே கேட்பது எனக்குக் கேட்கிறது. அவருக்கு முதலில் ஒன்று சொல்கிறேன். மரக்கறியும் முருங்கைக்காயும் வாங்க அல்பேட்டனுக்குப் போகிறோமே, அங்கே ஈலிங் ரோட்டின் பாலத்துக்குக் கீழே பச்சையாகத் தண்ணீர் நிற்குமே, பார்த்திருப்பீர்கள். அது இதே கால்வாயின் பாடிங்டன் கிளை. 1801-இல் திறந்தது. இத்தனை வருடமாகப் பையோடு அதைக் கடந்து போகிறோம், ஒரு நாளாவது கீழே இறங்கிப் பார்த்தோமா? நான் பார்க்கவில்லை. இறங்கிக் கரையோடு நடந்துகொண்டே போனால் பேர்மிங்ஹாம் வரைக்கும் போகலாம் என்பதே எனக்கு ஐம்பது வயதில்தான் தெரிந்தது.

பயணம் ரயிலிலேயே தொடங்கிவிடும். ஹரோ அன்ட் வீல்ட்ஸ்டோனில் ஏறலாம். நேர் ரயில் பொருந்தாவிட்டால் வட்ஃபோர்ட் ஜங்ஷனில் மாறலாம். கிங்ஸ் லாங்லி தாண்டும்போது பழைய ஓவல்ரீன் தொழிற்சாலையின் வெள்ளை முகப்பு தெரியும். இப்போது அது குடியிருப்பு. நாங்கள் காய்ச்சல் வந்தால் குடித்த ஓவல்ரீன் இங்கேதான் செய்யப்பட்டது என்று அம்மாவுக்குக் காட்டியதும், "உள்ளதோ?" என்று கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தா. அந்தத் தொழிற்சாலைக்குச் சொந்தப் படகுகளே இருந்தன. அடுப்புக்கு வேண்டிய நிலக்கரி இந்தக் கால்வாய் வழியாகத்தான் வந்து இறங்கியது.

பெர்க்கம்ஸ்டெட்டில் இறங்கினால் ஒரு பக்கம் இடிந்த கோட்டை, மறுபக்கம் கால்வாய். ரயிலை விட்டு இறங்கிச் சில நிமிடங்களில் தண்ணீரைத் தொடலாம். கோட்டைக்குள் கற்களும் புல்லும்தான். 1066-இல் வில்லியம் மன்னனிடம் இந்த நாட்டுப் பெரியவர்கள் வந்து பணிந்த இடம் என்பார்கள். சரித்திரம் படிக்கிற பிள்ளைகள் வேண்டுமானால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரட்டும். ஊருக்குள் கால்வாய் ஓரமாக ஒரு செதுக்கிய மரத்தூண் நிற்கிறது. கனடாவின் வன்கூவர் தீவுப் பக்கத்துப் பூர்வகுடிக் கலைஞர் செதுக்கியது. ஹேர்ட்ஃபோர்ட்ஷயரில் அது எதற்கு என்று நான் யோசித்துக்கொண்டு நிற்க, "கனடாவில இருந்து இஞ்சை வந்து நிக்கிறது எங்கட ஆக்கள் மட்டுமில்லை" என்று அம்மா சிரித்தா.

கால்வாயைக் கண்டதும் அம்மா சொன்ன முதல் வார்த்தை: "இதென்ன பிள்ளை, தண்ணி ஓடேல்லை."

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு வாய்க்கால் என்றால் ஓடுவது. கிணற்றடியில் இருந்து பாத்திக்கு ஓடுவது. அம்மா சின்ன வயதில் விடியக்காலை இறைப்புக்குப் போனவ. மாமா துலாவில் ஏறி நடக்க, ஐயா பட்டையைப் பிடித்து ஊற்ற, அம்மா மண்வெட்டியோடு நின்று தண்ணி மாறுவா. ஒரு பாத்தி நிறைந்ததும் மண்ணைக் கொத்தி மறித்து அடுத்த பாத்திக்கு விடுவது. அந்தக் கண்ணுக்கு, ஓடாமல் நிற்கும் தண்ணீர் வேலை செய்யாத தண்ணீர். ஆனால் இது பாத்திக்கான தண்ணீர் இல்லை, தெருவுக்கான தண்ணீர். படகுதான் ஓடும், தண்ணீர் நிற்கும்.

இதை வெட்டச் சட்டம் வந்தது 1793-இல். வில்லியம் ஜெசப் என்பவர் தலைமைப் பொறியியலாளர். அப்போது பெயர் கிராண்ட் ஜங்ஷன் கால்வாய். 1805-இல் பிளிஸ்வர்த் சுரங்கம் முடிந்தபோது லண்டனுக்கு அருகே பிரென்ட்ஃபோர்டில் இருந்து நாட்டின் நடுவில் உள்ள பிரான்ஸ்டன் வரை படகு தடையின்றிப் போனது. 1929-இல் வேறு கால்வாய்களோடு சேர்ந்து கிராண்ட் யூனியன் ஆனது. இப்போதும் கரையோரத்தில் மைல் கல் போல் சின்ன இரும்புத் தூண்கள் நிற்கும், பிரான்ஸ்டன் இன்னும் எத்தனை மைல் என்று சொல்லிக்கொண்டு.

நாங்கள் நடக்கும் அந்தக் கரைவழி எங்களுக்காகப் போட்டது இல்லை, குதிரைக்காகப் போட்டது. படகில் இயந்திரம் வருமுன் குதிரைதான் கரையில் நடந்து கயிற்றால் இழுத்தது. வண்டியில் பூட்டினால் ஒரு தொன்னோ இரண்டு தொன்னோ இழுக்கும் குதிரை, தண்ணீரில் மிதக்கும் 25, 30 தொன்னை இழுத்துக்கொண்டு நடக்கும். பழைய பாலங்களின் மூலையில் குனிந்து பாருங்கள். கல்லிலும் இரும்பிலும் விரல் போகிற அளவு கோடுகள் இருக்கும். கயிறு உரசி உரசி அறுத்தவை. அம்மா ஒரு கோட்டுக்குள் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றா. எங்கள் கிணற்றுக்கட்டிலும் கயிறு பட்ட தடம் இப்படித்தான் இருந்தது என்றா. நான் அந்தக் கிணற்றைப் பார்த்ததில்லை. அதைப் பற்றி அவ கதைத்ததும் அன்றைக்குத்தான் முதல் தடவை.

இதைத்தான் நான் உங்களுக்கு விளக்க முயல்கிறேன். வீட்டில் நாங்கள் எதிரெதிரே இருக்கிறோம், நடுவில் தொலைக்காட்சி. கோச்சில் ஒருவர் முதுகை ஒருவர் பார்க்கிறோம். கால்வாய்க் கரையில் இரண்டு பேர் பக்கம் பக்கமாக, ஒரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக நடக்கிறார்கள். கேள்வி கேட்க வேண்டியதில்லை. கதை தானாக வருகிறது. படகுக்கே இங்கே மணிக்கு 4 மைல்தான் உச்ச வேகம். எங்களை முந்திய ஒரு படகை அடுத்த லொக்கில் (படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தண்ணீர்த் தொட்டி) நாங்கள் பிடித்துவிட்டோம், அதற்கடுத்ததிலும் பிடித்தோம். மூன்றாம் தடவை அந்தப் படகுக்காரர் அம்மாவைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார்.

வழியில் நோர்த்சேர்ச் என்ற சின்ன ஊர். கரையை விட்டுச் சில நிமிடம் நடந்தால் சென் மேரிஸ் தேவாலயம். அதன் வாசலடியில் 'காட்டுப் பையன் பீட்டர்' என்று அழைக்கப்பட்டவரின் கல்லறை இருக்கிறது. 1725 அளவில் ஜேர்மனியின் ஹனோவர் பக்கத்துக் காட்டில் தனியே திரிந்த பிள்ளையாக அகப்பட்டவர். முதலாம் ஜோர்ஜ் மன்னன் லண்டன் அரண்மனைக்குக் கொண்டுவந்து வேடிக்கைப் பொருளாக வைத்திருந்தார். வேடிக்கை தீர்ந்ததும் இந்தப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் விட்டார்கள். மொழி வரவே இல்லை, சில சொற்களோடு சரி. 1751-இல் வழி தவறி நோரிச் நகர் வரை போய், யாரென்று சொல்லத் தெரியாமல் சிறையில் கிடந்தார். அதன் பிறகு அவர் கழுத்துக்கு ஒரு பட்டி செய்து போட்டார்கள். அதில் பெயரும், பெர்க்கம்ஸ்டெட்டில் யாரிடம் கொண்டுவந்து விட வேண்டும் என்பதும், கொண்டுவருபவருக்குச் சிரமத்துக்குக் கூலி கிடைக்கும் என்பதும் பொறித்திருந்தன. 1785 வரை வாழ்ந்தார்.

இதை அம்மாவுக்குச் சொல்வதா விடுவதா என்று யோசித்துவிட்டுச் சொன்னேன். அவ ஒன்றும் பேசவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டினா. நான் அவ இங்கே வந்த முதல் கிழமையில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது: பெயர், எங்கள் விலாசம், என் தொலைபேசி இலக்கம், 'இவருக்கு ஆங்கிலம் தெரியாது' என்ற வரி. மடித்த இடமெல்லாம் செலோடேப் ஒட்டி வைத்திருக்கிறா. "எனக்கும் ஒண்டு இருக்கு" என்றா. பிறகு கல்லறைக்கு முன்னால் கொஞ்ச நேரம் கைகூப்பிக்கொண்டு நின்றா. சைவக்காரி, தேவாலய முற்றம், ஒரு ஜேர்மன்காரனின் கல்லறை. எங்கள் சங்கத்தில் எத்தனை அம்மாமாரின் கைப்பையில் அந்தத் துண்டு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள் அண்ணை.

சரி, லொக்குக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள் அல்லவா, அவர்களுக்கு இதுதான். பெர்க்கம்ஸ்டெட்டில் இருந்து மேட்டுக்குப் போக ஏழெட்டு லொக். படகு மலை ஏறுவதைப் பார்க்கலாம். படகு பள்ளத்துப் பக்கம் தொட்டிக்குள் நுழையும், பின்கதவை மூடுவார்கள், ஒரு இரும்புக் கைப்பிடியைச் சுற்றி மேற்பக்க மடையைத் திறப்பார்கள். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே வரும், படகு ஆள் உயரத்துக்கு மேல் கிளம்பும். இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றாகும் வரை எத்தனை பேர் தள்ளினாலும் முன்கதவு அசையாது. ஒன்றானதும் ஒரு பிள்ளை தள்ளினால் திறக்கும். கதவுகள் மேட்டுத் தண்ணீரைப் பார்த்துக் கூராகச் சேர்ந்திருப்பதால் தண்ணீரின் பாரமே அவற்றைப் பூட்டி வைக்கிறது. என் மகனுக்குப் பௌதிகப் பாடம் சொல்லிக்கொடுக்கக் கட்டிய காசை நினைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு நான் விளக்கவே தேவைப்படவில்லை. "மறிச்சு விடுறதுதானே" என்றா. கதவோடு ஒட்டிக் கரைக்கு நீண்டிருக்கும் பெரிய மரத்தைக் காட்டி, "அது துலா" என்றா. டட்ஸ்வெல்லில் ஒரு முதிய தம்பதி தனியே படகோட்டி வந்தார்கள். அந்த அம்மா கதவைத் தள்ளத் திணற, எங்கள் அம்மா சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு போய் அந்த மரத்தில் முதுகைக் கொடுத்தா. இரண்டு பேரும் முதுகால் தள்ளினார்கள். கதவு திறந்தது. ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியவில்லை, இரண்டு பேரும் விடாமல் கதைத்தார்கள். அந்த அம்மா படகில் இருந்து ஒரு கேக் துண்டை நீட்ட, பதிலுக்கு இரண்டு பற்றிஸ் போனது. மரக்கறிப் பற்றிஸ்தான்.

அடுத்து வருவது கௌரோஸ்ட் லொக். பெயரை மொழிபெயர்த்துச் சைவ உறுப்பினர்களைக் கலவரப்படுத்த வேண்டாம். லண்டன் சந்தைக்கு மாடு ஓட்டி வந்தவர்கள் மாடுகளை இளைப்பாற விட்ட இடம், 'கௌ ரெஸ்ட்' என்பதே திரிந்தது என்பார்கள். இதோடு ஏற்றம் முடிந்தது. இனி மூன்று மைல் மட்டமான உச்சிப் பகுதி.

இந்த உச்சியில்தான் யாழ்ப்பாணத்தாருக்கு விளங்கக்கூடிய ஒரு கதை இருக்கிறது. சில்ட்டேர்ன் மலை சுண்ணக்கல். எங்கள் குடாநாடும் சுண்ணக்கல். பெய்கிற மழை மேலே நிற்காமல் கீழே இறங்கிவிடும். எங்களுக்கு ஆறு இல்லாமல் போனதும் கிணறே கதி என்று ஆனதும் அதனால்தான். இங்கே, ஒவ்வொரு படகும் உச்சியைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் ஒவ்வொரு தொட்டித் தண்ணீர் இறங்கிப் போகிறது. ஒரு தொட்டி என்றால் இரண்டு லட்சம் லீற்றருக்கு மேல். சுண்ணக்கல் மலை உச்சியில் அந்தத் தண்ணீருக்கு எங்கே போவது? வென்டோவர் பக்கம் இருந்து ஒரு கிளை வெட்டிக் கொண்டுவந்தார்கள். அது ஒழுகி ஒழுகி, கடைசியில் கொடுத்ததைவிடக் குடித்தது கூட என்று ஆகி, ஒரு பகுதியை மூடிவிட்டார்கள். குளங்களும் கட்டினார்கள்: வில்ஸ்டன், மார்ஸ்வர்த், ட்ரிங்ஃபோர்ட், ஸ்டார்டப்ஸ் எண்ட். வில்ஸ்டன் குளம் 1802-இல் கட்டியது. கால்வாய்க்காகக் கட்டிய குளங்கள் இப்போது பறவைகளின் ஊர். சின்னப் பட்டாணி உப்புக்கொத்தி பிரித்தானியாவில் முதன்முதல் கூடு கட்டியது 1938-இல் இந்தக் குளங்களில்தான். கால் தெம்பு உள்ளவர்கள் ட்ரிங் ஸ்ரேசனோடு நிற்காமல் இன்னும் இரண்டு மைல் அளவு போனால் குளக்கட்டில் நின்று பார்க்கலாம். வன்னியில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கட்டில் ஏறி நின்றதும் ஏதோ செய்யும். எனக்குச் செய்தது.

அந்த இரண்டு மைலுக்குள் ட்ரிங் வெட்டு இருக்கிறது. ஒன்றரை மைல் நீளம், சில இடங்களில் முப்பது அடி ஆழம், மனிதர் மண்வெட்டியால் வெட்டியது. இரு கரையிலும் மரம் கவிந்து, வெயில் நாளிலும் குளிர்ச்சி. மழைக்குப் பின்னால் போனால் சேறு, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கால்வாய் வெட்டியவர்களை 'நாவிகேட்டர்' என்றார்கள், அதைச் சுருக்கி 'நாவி'. இன்றைக்கும் தெரு வெட்டுகிறவர்களுக்கு அந்தப் பேச்சுப் பெயர் இருக்கிறது. சில பத்து வருடம் கழித்து இதே பள்ளத்தாக்கில் ரொபேர்ட் ஸ்டீஃபன்சன் என்ற பொறியியலாளர் ரயில் பாதை போட்டார். 1838-இல் லண்டனில் இருந்து பேர்மிங்ஹாமுக்கு ரயில் ஓடியது. கால்வாயின் நல்ல காலம் அன்றோடு முடிந்தது. கரையில் நடக்கும்போது அந்த ரயில் சத்தம் பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருக்கும். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

மகளிர் அணிக்குத் தனியாக ஒரு விஷயம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆண் படகோட்டிகள் போதாமல் போக, இந்தக் கால்வாயில் சரக்குப் படகு ஓட்டப் பெண்களைச் சேர்த்தார்கள். இரண்டு படகுக்கு மூன்று பெண்கள். லண்டன் துறைமுகத்தில் இருந்து இரும்பும் பிறவும் ஏற்றிக்கொண்டு பேர்மிங்ஹாம் பக்கம், திரும்பும்போது கொவென்ட்ரிப் பக்கத்து நிலக்கரி. எல்லா லொக்கும் தாங்களே திறந்து மூடி. அவர்கள் சட்டையில் 'ஐ டபிள்யூ' என்று ஒரு சின்னம், உள்நாட்டு நீர்வழிகள் என்பதன் முதலெழுத்துகள். அதைப் பார்த்து 'ஐடில் விமென்', சோம்பேறிப் பெண்கள் என்று பட்டம் கட்டினார்கள். மண்டபத்தில் முந்நூறு பேருக்குச் சமைத்து முடித்துவிட்டு, மேடையில் "பெண்கள் முன்வர வேண்டும்" என்ற பேச்சைக் கேட்கும் எங்கள் அக்காமாருக்கு இந்தக் கதை நன்றாகவே விளங்கும்.

சௌத்ஹோலில் இருக்கும் உறுப்பினர்களும் தங்களுக்கு இதில் ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். நாட்டின் நடுப்பகுதியில் இருந்து சௌத்ஹோலில் இருந்த ஜாம் தொழிற்சாலைக்கு நிலக்கரி கொண்டுபோன படகுகள் 1970 வரை இந்தக் கரையோரமாகத்தான் போயின.

இனி நீங்கள் கேட்கப் போகும் கேள்விகள்.

கழிவறை. இதுதான் முதல் கேள்வி என்று எனக்குத் தெரியும், நியாயமான கேள்வியும்கூட. பெர்க்கம்ஸ்டெட்டில் போய்விட்டுத் தொடங்க வேண்டும். நடுவில் நம்பி இருக்க ஒன்றுமில்லை. கரையோரம் பப் உண்டு, ஒரு தேத்தண்ணி வாங்கினால் முகம் சுளிக்க மாட்டார்கள். செலவு: கரைக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. ரயிலில் மூன்று முதல் ஒன்பது பேர் வரை சேர்ந்து எடுத்தால், நெரிசல் இல்லாத நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு கழிவு. அறுபது தாண்டியவர்களுக்கு ரயில் அட்டையில் அதே கழிவு. ஒன்பது ஒன்பது பேராகப் பிரித்தால் பொருளாளர் இந்த வருடம் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம். சக்கர நாற்காலி பெர்க்கம்ஸ்டெட் ஊருக்குள் போகும், அதற்கப்பால் நான் உறுதி தர மாட்டேன். அப்படிப்பட்டவர்கள் ஊருக்குள் ஒரு லொக்கடியில் இருந்து படகு பார்க்கட்டும். அவர்களோடு முறை வைத்து ஆள் இருக்க வேண்டும். பையோடு தனியே விடக்கூடாது.

சாப்பாடு கட்டுச்சோறு. புளிச்சாதமோ, இடியப்பப் பிரட்டலோ. தயவுசெய்து அந்தப் பெரிய அலுமினியக் கிடாரங்களை ரயிலில் ஏற்ற வேண்டாம். வாத்துக்குப் பாண் போட வேண்டாம், வயிற்றுக்குக் கூடாது. பட்டாணி, சோளம் போடலாம். சைக்கிள்காரர் மணி அடித்தால் ஒரு பக்கமாக ஒதுங்க வேண்டும், எங்கள் வழக்கப்படி பாதி பேர் இந்தப் பக்கமும் பாதி பேர் அந்தப் பக்கமும் ஓடக்கூடாது. லொக் சுவரில் பிள்ளைகள் ஓட விடக்கூடாது, உள்ளே ஆழம், விழுந்தால் ஏறுவது கஷ்டம். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். இதற்கு மட்டும் வாக்கெடுப்பு வைக்காதீர்கள், நான் தோற்றுப்போவேன்.

இன்னொன்று. இந்தக் கால்வாயை 2012 முதல் பார்த்துக்கொள்வது ஒரு தொண்டு அறக்கட்டளை. இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறக்குறைய 2,000 மைல் நீர்வழி அவர்கள் பொறுப்பு. அரசு தரும் மானியம் 2027-இல் இருந்து வருடாவருடம் குறையும் என்று 2023-இல் அறிவித்துவிட்டார்கள். வருடா வருடம் கோச்சுக்கும் நுழைவுச் சீட்டுக்கும் கொடுக்கிற காசில் ஒரு சின்னப் பங்கை அவர்களுக்கு அனுப்புவது பற்றியும் குழு யோசிக்கலாம். இது தனி விஷயம், முதலில் நடப்போம்.

ஓகஸ்ட் கடைசியில் போனால் கரையோர வேலியெல்லாம் கருநாவற்பழம் போல் பிளக்பெரி கனிந்து நிற்கும். அம்மா யூனில் பூவைப் பார்த்துவிட்டு, எந்தெந்த இடம் என்று குறித்து வைத்திருக்கிறா. வீட்டில் ஐஸ்கிரீம் பெட்டிகளைக் கழுவி அடுக்கத் தொடங்கியும்விட்டா.

ஆகவே அண்ணை, அடுத்த கூட்டத்தில் சுற்றுலா விஷயத்தை ரோல்சுக்கு முன்னால் வையுங்கள். குழு சம்மதித்தால் நல்லது. சம்மதிக்காவிட்டாலும், ஓகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நானும் அம்மாவும் ஹரோ அன்ட் வீல்ட்ஸ்டோன் ரிக்கற் வாசலடியில் நிற்போம். போன வருடம் பக்கத்து வாங்கில் இருந்த மூன்று அம்மாமாருக்கும் அம்மா ஏற்கெனவே போன் அடித்துச் சொல்லிவிட்டா. ஒன்பது பேர் வரை ஒரே கழிவில் போகலாம். இப்போதைக்கு ஐந்து பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் சாதாரண உறுப்பினர்களில் ஒருத்தி